வெளிப்படு சொல்லின் மறைபொருள்: திருப்பாவையில் வடிவு மாறாது பொருள் மாறிய சொற்கள்

ஆய்வுச் சுருக்கம்

பழந்தமிழ் நூலைப் பயிலும் இன்றைய வாசகர் வழக்கிறந்த சொல்லைக் கண்டால் அகராதியை நாடுகிறார். இன்றும் வழங்கும் சொல்லாகத் தோன்றுவதைக் கண்டால் நாடுவதில்லை. ஆகவே பிழைபட்ட வாசிப்பு அரிய சொற்களைவிட எளிய சொற்களிலேயே மிகுதியாக நிகழ்கிறது. ஆண்டாள் அருளிய திருப்பாவையில் இடம்பெறும் புதுவை, நாற்றம், சிறுவீடு, வெள்ளி, திங்கள், ஐயம், கூடார், கோயில், பறை ஆகிய சொற்களைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை நிறுவுகிறது. பழஞ்சொல்லை நீக்கி நிகர்ச்சொல் இடும் இன்றைய பொழிப்புரை முறை பொருளைக் காக்கும் முயற்சியில் பாடலின் உள்ளிணைப்புகளை இழக்கிறது என்பதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: திருப்பாவை, ஆண்டாள், பொருண்மை மாற்றம், வெளிப்படு சொல், உரைமரபு, ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு.

முன்னுரை

தொல்காப்பிய உரியியல் சொற்பொருள் உணர்த்தும் நெறி ஒன்றை வகுக்கிறது. வெளிப்படையாகப் பொருள் விளங்கும் சொற்களுக்கு விளக்கம் வேண்டுவதில்லை. பயிலாத சொற்களைப் பயின்ற சொற்களோடு சார்த்தி விளக்குதல் வேண்டும் என்பது அதன் கருத்து. ஒரு காலத்தில் வாழும் மக்களுக்கு இந்நெறி முற்றிலும் பொருந்தும். ஆயினும் நூல் ஒரு காலத்திலும் வாசகர் மற்றொரு காலத்திலும் இருக்கும்போது மூன்றாவது வகை ஒன்று தோன்றிவிடுகிறது. பயின்ற சொல்லின் வடிவம் தாங்கி, பயிலாத பொருளை உள்ளடக்கிய சொல் அது. வெளிப்படு சொல் போலக் காட்சியளிப்பதால் அதனை எவரும் விளக்க முற்படுவதில்லை.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இரு மொழிகளில் ஒத்த வடிவும் வேறுபட்ட பொருளும் உடைய சொற்களைப் 'போலி நண்பர்கள்' எனக் கோஸ்லர், தெரோகினி ஆகிய பிரெஞ்சு அறிஞர்கள் 1928ஆம் ஆண்டு நூலொன்றில் பெயரிட்டனர். ஒரே மொழியின் இரு காலங்களுக்கு இடையிலும் அத்தகைய நண்பர்கள் உண்டு. இன்று அறிவின்மையைக் குறிக்கும் 'சில்லி' என்னும் ஆங்கிலச் சொல் முன்பு பேறு பெற்றவரைக் குறித்தது. இனிமையைக் குறிக்கும் 'நைஸ்' முன்பு அறியாமையைக் குறித்தது. பழைய நூலைப் படிக்கும்போது முந்திக்கொண்டு வந்து நிற்கும் இன்றைய பொருளைச் சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளிவந்த தம் சொல்லாய்வு நூலில் 'ஆபத்தான பொருள்' என்றார். அப்பொருள் பாடலின் அவ்விடத்தில் ஓரளவு பொருந்தியும் விடும்; அதனாலேயே ஆபத்து.

தமிழில் இவ்வாபத்து மிகுந்த நூல்களுள் ஒன்று திருப்பாவை. முப்பது பாசுரங்களே கொண்ட இந்நூல் மார்கழிதோறும் ஓதப்படுகிறது; சிறுவர் முதல் முதியோர் வரை மனப்பாடமாக அறிந்தது. ஓதிப் பழகிய நாவுக்குச் சொல் அயலாகத் தோன்றுவதில்லை. அயன்மை தோன்றாத இடத்தில் வினாவும் எழுவதில்லை.

ஊர்ப்பெயரில் உறைந்த பொருள்

நூல் பிறந்த வட்டாரத்தின் ஊர்ப்பெயர்களிலேயே இச்சிக்கல் தொடங்குகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த ஊர் வத்திராயிருப்பு. இப்பெயரின் முற்பகுதிக்கு எவ்விளக்கம் கொள்ளப்படினும் பிற்பகுதி தெளிவானது. 'இரு' என்னும் வினையடியாகப் பிறந்த 'இருப்பு' குடியமர்ந்து வாழும் இடத்தைக் குறிக்கிறது. இன்றோ இச்சொல் நியாயவிலைக் கடையின் சரக்கு இருப்பையும் வங்கிக் கணக்கின் பண இருப்பையும்தான் முதலில் நினைவூட்டுகிறது. வாழிடப் பொருள் தனிச்சொல்லாக அருகி, 'குடியிருப்பு' என்னும் கூட்டுச்சொல்லிலும் இத்தகைய ஊர்ப்பெயர்களிலும் எஞ்சி நிற்கிறது.

திருப்பாவையின் முப்பதாம் பாசுரம் பாடியவரின் ஊரைப் 'புதுவை' என்கிறது. புத்தூர் என்பதன் மரூஉ வடிவமான அது ஸ்ரீவில்லிபுத்தூரையே குறிக்கும். இன்றைய செய்தித்தாள் வாசகருக்குப் புதுவை என்பது புதுச்சேரி. புதிதாக அமைந்த ஊர் எதுவாயினும் இம்மரூஉவைப் பெறலாம் என்பதால் இரண்டும் இலக்கணப்படி சரியே. ஆயினும் ஊரறியாத வாசகரிடம் அச்சொல் ஆண்டாளைக் கடற்கரை ஊருக்குக் கொண்டுசென்றுவிடும். ஊர்ப்பெயருக்கே இந்நிலை எனில் பொதுச்சொற்களின் நிலையை நுணுகிக் காணவேண்டியுள்ளது.

நாற்றம்: இழிபுற்ற சொல்

பத்தாம் பாசுரம் திருமாலின் முடியில் உள்ள துழாயை 'நாற்றம்' என்னும் சொல்லால் சிறப்பிக்கிறது. இன்று இச்சொல் தீய மணத்தையே குறிக்கும், மலையாளத்திலும் அவ்வாறே. ஆயினும் இன்றைய வழக்கே பழைய பொருளுக்குச் சான்று தருகிறது. 'துர்நாற்றம்' என்னும் சொல்லில் 'துர்' என்ற முன்னொட்டு எதற்காக? நாற்றம் தன்னளவில் தீயதாக இருந்திருப்பின் அம்முன்னொட்டு வேண்டியிராது. நன்மை தீமை சாராத பொதுச்சொல்லாக அது இருந்தமையாலேயே அடை தேவைப்பட்டது.

திருக்குறள் இச்சொல்லின் இரு நிலைகளைக் காட்டுகிறது. நீத்தார் பெருமையில் ஐம்புல உணர்வுகளுள் ஒன்றாக, பொதுப்பொருளில் அது வருகிறது. குறிப்பறிவுறுத்தலில் அரும்பினுள் அடங்கிய நறுமணத்துக்கு வருகிறது. பொது நிலை, நல் நிலை, தீய நிலை என இச்சொல் வாழ்ந்த மூன்று நிலைகளுள் இறுதியானது மட்டுமே இன்றைய வாசகர் கையில் உள்ளது.

இன்றைய பொழிப்புரைகள் பெரும்பாலும் 'நறுமணம்' என்னும் சொல்லை இங்கு இட்டு நிறைவடைகின்றன. பொருள் பிழையன்று, ஆனால் இழப்பு உண்டு. 'நாறு' என்னும் வினைக்குத் தோன்றுதல், முளைத்தல் என்னும் பொருள்களும் உள்ளன. 'நாற்று' அதனடியாகப் பிறந்ததே. உள்ளே மறைந்திருப்பது வெளியே தோன்றுதல் என்னும் உணர்வு இச்சொற்குடும்பத்தில் உறைந்துள்ளது. இப்பாசுரத்தில் கதவு திறக்கப்படவில்லை. உள்ளிருப்பவள் மறுமொழியும் தரவில்லை. துழாயின் மணம் வெளியே பரவி, அவன் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது என்று உரைமரபு கருதுகிறது. அவ்வுரையின் நுட்பத்தை 'நாற்றம்' தாங்குகிறது. 'நறுமணம்' என்பதோ இனிமையை மட்டுமே கூறி நின்றுவிடுகிறது.

இதே வினை நாச்சியார் திருமொழியின் ஏழாம் திருமொழியில் வெண்சங்கை நோக்கிய வினாவாக வருகிறது. திருமாலின் வாயின் மணம் எத்தகையது என்று சங்கிடம் கேட்கப்படுகிறது. 'மணக்குமோ' என மாற்றினால் விடையின் பாதி வினாவிலேயே அடங்கிவிடும். 'நாறு' பொதுவினை என்பதால் வினா முழுமையாகத் திறந்து நிற்கிறது. அறியாத ஒன்றை அறியத் துடிக்கும் மனத்தின் வினாவாக அது நிற்பதற்கு அப்பொதுமையே காரணம்.

சிறுவீடு: வட்டார வழக்கே தடையாகும் இடம்

எட்டாம் பாசுரம் கீழ்வானம் வெளுத்த வேளையில் எருமைகள் 'சிறுவீடு' மேயப் பரவியதைக் கூறுகிறது. வீடு என்பதை இல்லம் எனக் கொண்டால் எருமைகள் சிறிய இல்லத்தை மேய்ந்ததாகும். பொருந்தாமையே வாசகரை எச்சரிக்க வேண்டும். ஆயினும் தென்மாவட்டங்களில் ஒரு வழக்கு அவ்வெச்சரிக்கையைத் தணித்துவிடுகிறது. மார்கழியில் சிறுமியர் முற்றத்தில் சிறிய வீடு கட்டிக் கோலமிட்டு, தைத்திங்களில் அங்குச் 'சிறுவீட்டுப் பொங்கல்' வைப்பது திருநெல்வேலி வட்டாரத்தின் மரபு. ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமையும்வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததே. மார்கழி, சிறுமியர், சிறுவீடு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தமையால், பாசுரத்தின் சிறுவீடும் அவ்விளையாட்டு வீடே எனக் கொள்ளத் தோன்றும்.

பெரியவாச்சான் பிள்ளை முதலிய உரையாசிரியர் வழிவந்த பொருள் வேறு. பால் கறக்கும் முன்னர், விடியலில் பனி படிந்த புல்லை மேயச் சிறிது பொழுது கால்நடைகளை அவிழ்த்துவிடுதலே சிறுவீடு. 'விடு' என்னும் முதனிலை நீண்டு 'வீடு' ஆயிற்று. படு பாடு ஆனதும் கெடு கேடு ஆனதும் போன்றது இது. விடுதல் என்னும் இவ்வேர்ப்பொருளே பற்று விடுதலைக் குறித்து அறம், பொருள், இன்பம் என்பவற்றோடு நான்காவதாக எண்ணப்படும் வீட்டுக்கும் அடிப்படை. எருமையின் சிறு விடுதலையையும் உயிரின் பெரு விடுதலையையும் ஒரே சொல் சுட்டுகிறது.

ஆண்டாளின் சொல்லாட்சியே இதற்கு வலுவான சான்று. நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழியில் சிறுமியர் மணலில் கட்டும் விளையாட்டு இல்லம் 'சிற்றில்' எனப்படுகிறது. விளையாட்டு இல்லத்துக்குத் தனிச்சொல் உடைய கவிஞர், மேய்ச்சலைக் கூறுமிடத்தில் வேறு சொல்லை ஆள்கிறார். வட்டார வழக்கு பழஞ்சொல்லுக்குத் துணைசெய்யும் என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. அதே வழக்கு வாசகரைத் திசைமாற்றவும் கூடும் என்பதை இவ்விடம் உணர்த்துகிறது. நூலின் அகச்சான்றோடு பொருந்தும்போதே வட்டாரச் சான்று வலிமை பெறும்.

வெள்ளி, வியாழம், திங்கள்: கோள் நாளான வரலாறு

பதின்மூன்றாம் பாசுரம் வெள்ளி எழுந்ததையும் வியாழம் மறைந்ததையும் விடியலின் அடையாளங்களாகச் சுட்டுகிறது. இன்றைய செவிக்கு இவை முதலில் வாரநாட்கள். வியாழக்கிழமை கழிந்து வெள்ளிக்கிழமை பிறந்தது என்னும் பொருள்கூட இயல்பாகப் பொருந்திவிடும். லூயிஸ் குறித்த ஆபத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

இம்மாற்றத்தின் திறவுகோல் 'கிழமை' என்னும் சொல்லில் உள்ளது. கிழமை என்பதன் பழம்பொருள் உரிமை. ஆறாம் வேற்றுமையின் உடைமைப் பொருளை இலக்கணம் கிழமை என்றே வழங்கும். வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளி என்னும் கோளுக்கு உரிய நாள். பின்னர்க் கிழமை நாளையே குறித்தது. அதன்பின் பேச்சில் கிழமையும் விடப்பட்டு, வெள்ளி என்பதே நாளாயிற்று. இன்று கோளைக் குறிக்க 'வெள்ளிக்கோள்' என அடைகூட்ட நேர்கிறது. 'விடிவெள்ளி' என்னும் கூட்டுச்சொல்லில் மட்டும் பழம்பொருள் ஒளிர்கிறது.

திங்கள் என்னும் சொல் மேலும் செறிவானது. முதற்பாசுரத்தில் அது மாதம். இருபத்திரண்டாம் பாசுரத்தில் கதிரவனோடு இணைத்துக் கூறப்படும் நிலவு. இன்றைய வழக்கில் முதன்மையாக வாரநாள். ஒரே நூலுக்குள் இரு பொருளில் வழங்கிய சொல்லுக்கு இன்றைய வாசகர் மூன்றாவது பொருளோடு வருகிறார்.

இங்கு நிகழும் பிழை ஒரு வரியின் பிழையோடு நிற்பதன்று. பதின்மூன்றாம் பாசுரத்தின் வானியல் குறிப்பை அடிப்படையாகக் கொண்டே மு. இராகவையங்கார் 'ஆழ்வார்கள் காலநிலை' நூலில் திருப்பாவையின் காலத்தைக் கி.பி. 731 எனக் கணித்தார். அதனை ஏற்காது ஒன்பதாம் நூற்றாண்டைக் கூறுவோரும் உளர். எம்முடிவை ஏற்பினும், அவ்விவாதம் நிகழ்வதற்கே வெள்ளியும் வியாழமும் கோள்கள் எனக் கொள்ளுதல் வேண்டும். ஒரு சொல்லின் பொருள் மறைந்தால் இலக்கிய வரலாற்றின் சான்று ஒன்றும் மறையும்.

ஐயமும் கூடாரும்: இழந்த பொருள், இழந்த இலக்கணம்

இரண்டாம் பாசுரம் நோன்பாளர் செய்வனவற்றுள் ஐயமும் பிச்சையும் இடுதலைக் கூறுகிறது. ஐயம் இன்று சந்தேகம். அப்பொருளும் பழமையானதே, திருக்குறளின் மெய்யுணர்தல் அதிகாரத்தில் அது உண்டு. ஒரே வடிவில் வழங்கிய இரு பொருள்களுள் ஈகைப்பொருள் வழக்கொழிந்தது. ஆத்திசூடியைக் கற்ற சிறுவர் மட்டும் அதனை அறிவர். உரையாசிரியர்கள் தகுதியுடையோர்க்கு இடுவது ஐயம் என்றும், பிரமசாரிகள் துறவியர் ஆகியோர்க்கு இடுவது பிச்சை என்றும் வேறுபடுத்துவர். அவர்கள் பார்வையில் பிச்சையும் மதிப்பிற்குரிய கொடையே. இன்று 'பிச்சை' இழிவுப் பொருள் ஏற்றுவிட்டது. ஆகவே 'தானமும் பிச்சையும்' என மாற்றி எழுதும் உரை ஒரு சொல்லை மட்டும் திருத்தி, மற்றொன்றின் மாற்றத்தைக் கவனியாது விடுகிறது.

இருபத்தேழாம் பாசுரத்தின் முதற்சொல்லான 'கூடாரை' இதனினும் வேறுபட்ட சிக்கல். 'கூடார்' என்பது 'கூடாதவர், இணங்காதவர், பகைவர்' எனப் பொருள்படும் எதிர்மறை வினையாலணையும் பெயர்; இரண்டாம் வேற்றுமை உருபு ஏற்றுக் 'கூடாரை' ஆயிற்று. அதனையடுத்து 'வெல்லும்' என்னும் பெயரெச்சம் வருகிறது. இவ்வெதிர்மறை அமைப்பு இன்றைய பேச்சில் இல்லை. 'கூடாது' என்னும் வடிவம் எஞ்சினும் அது விலக்கையே குறிக்கிறது. இலக்கணம் மறைந்ததும் சொல்லெல்லை கலைந்தது. இரு சொற்களும் இணைந்து, மார்கழி இருபத்தேழாம் நாள் 'கூடாரவல்லி' எனப் பெயர் பெற்றது. கூடாரத்தையும் வல்லி என்னும் பெண்பெயர் ஈற்றையும் நினைவூட்டும் அப்பெயரில் பகைவரும் இல்லை, வெற்றியும் இல்லை.

இதனை மக்களின் அறியாமை என ஒதுக்குதல் ஆராய்ச்சிக்கு அழகன்று. பொருள் விளங்காத ஒலித்தொடருக்கு விளங்கும் உருவம் தருவது மொழியின் இயல்பு. நெய் வழியும் பாற்சோற்றோடு கொண்டாடப்படும் அந்நாள் பாசுரத்தின் விருந்தை உயிர்ப்போடு காத்துள்ளது. ஆனால் விருந்துக்குக் காரணம் தன்னோடு கூடாதவரையும் வெல்லும் ஒருவன், கூடியவரிடம் தன்னைத் தருகிறான் என்னும் முரண் நயம். பெயர் மாறியதில் மறைந்தது அந்நயமே.

கோயிலும் பறையும்: கவிஞரே ஆளும் இருபொருள்

மேற்கண்ட சொற்களில் பொருள் மாற்றம் நூலுக்கும் வாசகருக்கும் இடையே நிகழ்ந்தது. கோயில், பறை ஆகிய இரண்டில் அது நூலுக்குள்ளேயே நிகழ்கிறது.

கோ இல் என்பது அரசன் இல்லம். புறநானூற்றில் பிசிராந்தையார் அன்னச்சேவலை அனுப்பும் பாடலில் (67) கோயில் என்பது உறையூர்ச் சோழனின் அரண்மனை. திருப்பாவையின் ஆறாம் பாசுரத்திலும், துறவியர் செல்லும் இடத்தைக் கூறும் பதினான்காம் பாசுரத்திலும் அது திருமாலின் ஆலயம். பதினாறாம் பாசுரத்திலோ நந்தகோபனின் மனை. வாயில் காப்போன் அதன்முன் நிற்கிறான். இருபத்து மூன்றாம் பாசுரத்தில் கண்ணன் துயிலெழுந்து அரியணைக்கு வருமுன் இருந்த உறைவிடம். பழம்பொருளும் புதுப்பொருளும் அருகருகே வாழ்ந்த காலத்தின் பதிவு இது. வைணவ வழக்கில் கோயில் என்றால் திருவரங்கம் எனச் சுருங்கியது தனி வரலாறு.

பதினாறாம் பாசுரத்தின் கோயிலை ஆலயம் எனக் கொள்ளும் வாசகர் வாயில் காப்போனிடம் சிறுமியர் மன்றாடும் நாடகத்தை இழப்பார். அரண்மனை எனப் பெயர்த்து அமையும் உரையும் ஒன்றை இழக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரை ஆயர்பாடியாகவும், வடபத்ரசாயி கோயிலை நந்தகோபன் மனையாகவும் ஆண்டாள் பாவித்தார் என்பது மரபு. அப்பாவனைக்கு மொழியில் இடமளிப்பது இச்சொல்லே. தலைவன் மனையும் இறைவன் ஆலயமும் கோயில் என ஒரே பெயர் பெற்றமையால் ஓர் உலகிலிருந்து மற்றோர் உலகிற்குச் செல்லக் கதவு எதுவும் வேண்டவில்லை.

பறையும் இத்தகையதே. இருபத்தாறாம் பாசுரத்தில் சங்கு, விளக்கு, கொடி, விதானம் ஆகிய நோன்புப் பொருள்களோடு எண்ணப்படுதலால் அது இசைக்கருவியே. இருபத்தொன்பதாம் பாசுரத்தில் தாம் வந்தது அன்றைய பறையைப் பெறுவதற்கன்று என்று ஆயர் சிறுமியரே தெளிவுபடுத்தி, பிறவிதோறும் தொடரும் உறவையும் தொண்டையும் வேண்டுகின்றனர். முதற்பாசுரத்திலிருந்தே பறை என்பதற்கு 'அருள்', 'வேண்டிய பயன்' எனப் பொருள் எழுதிவிடும் பொழிப்புரை இத்திருப்பத்தை முன்கூட்டியே வெளியிட்டுவிடுகிறது. இருபத்தெட்டுப் பாசுரங்கள் கருவியாக ஒலித்தால்தான் அடுத்த பாசுரத்தில் அது கருவியன்று என்னும் கூற்று வாசகரைத் தாக்கும்.

முடிவுரை

பழஞ்சொல்லின் பொருள் காண நூலின் அகச்சூழல், அதே ஆசிரியரின் பிற ஆட்சி, பழைய உரைமரபு, முந்தைய இலக்கிய வழக்கு, இன்றைய வட்டார வழக்கு என்னும் வரிசை ஏற்புடையது என்பது மேற்கண்ட சொற்களால் புலனாகிறது. சிறுவீட்டில் இறுதிச் சான்று முன்னே வந்தால் பிழை நேரும். பறையில் உரைமரபின் முடிவு அகச்சூழலை முந்தினால் பாடலின் நாடகம் குன்றும்.

பொருள் மாறிய சொல்லை நீக்குதல் அதனைக் காக்கும் வழியன்று. மூலச்சொல்லை உரைநடையிலும் நிறுத்தி, அதன் அன்றைய பொருளையும் இன்றைய பொருளையும் அருகருகே சுட்டும் பதிப்பே மாணவர்க்கும் ஓதுவோர்க்கும் பயன்தரும். நாற்றம் என்னும் சொல்லை மறைத்துவிட்டால், அது ஒரு காலத்தில் துழாய்க்கு உரியதாக இருந்தது என்பதை அடுத்த தலைமுறை அறிய வழியில்லை. வெளிப்படு சொல்லுக்கு விளக்கம் வேண்டா என்னும் உரியியல் நெறி என்றும் பொருந்துவதே. ஆனால் எது வெளிப்படு சொல் என்பதை ஒவ்வொரு காலமும் புதிதாக வினவியே ஆகவேண்டும்.